யெல்லோமேனைத் 'திறமையால் முன்னேறியவர்' என்று சொல்லாதீர்கள்

டூபாக்கின் 'ஹிட் எம் அப்' கேட்காத ராப் ரசிகர்கள் நம் தோழர்களில் குறைவு. 1996-இல் வந்த பாட்டு. எதிராளியான நோட்டோரியஸ் பி.ஐ.ஜி.யைத் திட்டித் தீர்ப்பதற்கென்றே பாடியது. அதில் வந்துபோகும் ஒரு சின்ன மெட்டு, முந்தைய ஆண்டு பி.ஐ.ஜி. தன் கூட்டாளிகளோடு பாடிய 'ப்ளேயர்ஸ் ஆந்தம்' பாட்டிலும் இருக்கிறது. அவர்களுக்கு முன்பே பூகி டவுன் புரொடக்‌ஷன்ஸ் அதை எடுத்துப் பாடியிருந்தார்கள். பின்னால் 1998-இல் ப்ளாக் ஸ்டார் எடுத்தார்கள். ஒருவரையொருவர் ஒழித்துக்கட்டத் துடித்த இரண்டு கோஷ்டிகளுக்கும் பொதுவாக இருந்த அந்த மெட்டு அமெரிக்காவில் பிறந்ததே இல்லை. ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனில், 1980-களின் தொடக்கத்தில், அனாதை இல்லத்தில் வளர்ந்த ஓர் ஆள் ஒலிவாங்கியில் பாடியது. பாட்டின் பெயரை ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள்: 'ஸங்குஸங்குகுஸங்குஸெங்'. பாடியவர் வின்ஸ்டன் ஃபாஸ்டர். உலகத்துக்கு அவர் யெல்லோமேன்.

அவரைப் பற்றிச் சுற்றிவரும் காணொளிகளைச் சில தோழர்கள் எனக்கு அனுப்புகிறார்கள். எல்லாமே ஒரே அச்சு. கைவிடப்பட்ட குழந்தை, ஊரே ஒதுக்கியது, ஆனாலும் திறமை வென்றது, பின்னணியில் சோக வயலின். எனக்கு இந்தக் கதையின் மீது கோபம் உண்டு. கல்லூரியில் இடஒதுக்கீடு பற்றிப் பேச்சு வந்தால் இதே கதையைத்தான் வேறு பெயர் போட்டு நம்மிடம் சொல்கிறார்கள். 'திறமை இருந்தால் யாரும் தடுக்க முடியாது, பார், அவன் வரவில்லையா?' யெல்லோமேனின் தொடக்க ஆண்டுகளைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் அந்தக் கதை நிற்காது.

முதலில் அவர் பிறந்த சமூகத்தைப் பார்த்துவிடுவோம். 1956-இல் பிறந்தவர். அப்போது ஜமைக்கா பிரிட்டிஷ் காலனி, விடுதலை 1962-இல்தான். 1838-இல் அடிமைமுறை முழுதாக ஒழிந்த பிறகும் தோட்டமுதலாளிகள் கட்டிய படிநிலை ஒழியவில்லை. மேலே வெள்ளையர், நடுவே கலப்புப் பிறப்புள்ள 'பழுப்பு' நடுத்தர வர்க்கம், கீழே பெரும்பான்மையான கறுப்பு மக்கள். வங்கி முகப்பில் உட்கார வைக்கப்படுவது யார், கரும்புத் தோட்டத்தில் குனிவது யார் என்பதைத் தோலின் சாயலே பெருமளவு முடிவு செய்தது. 'பலரிலிருந்து ஒரே மக்கள்' என்பது சுதந்திர ஜமைக்கா தனக்குச் சூட்டிக்கொண்ட முழக்கம். முழக்கங்கள் எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

சரி, வெளுத்த தோலுக்கு இவ்வளவு மதிப்புள்ள நாட்டில் வெளுத்த தோலோடு பிறந்த வின்ஸ்டன் ஃபாஸ்டர் எங்கே இருந்திருக்க வேண்டும்? மேலே. இருந்தது எங்கே? எல்லோருக்கும் கீழே.

அவர் அல்பினோ. உடலில் மெலனின் என்ற நிறமி உருவாகாமலோ மிகக் குறைந்தோ போகும் பிறவி நிலை அது. தோல், முடி, கண் எல்லாம் வெளுத்திருக்கும். பார்வை மங்கும். வெயில் சுடும். கறுப்புப் பெற்றோருக்கு இப்படிப் பிறக்கும் குழந்தையை ஜமைக்காவில் 'டுண்டஸ்' என்பார்கள். அது ஒரு வசைச்சொல். பக்கத்தில் உட்கார மாட்டார்கள், தொட மாட்டார்கள், கண்ணில் பட்டால் சகுனம் பார்ப்பார்கள். நான் விளக்கத் தேவையில்லாத நடத்தைகள் இவை.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். நிறம்தான் காரணம் என்றால் வெளுத்த தோல் அவரைக் காப்பாற்றியிருக்க வேண்டும். காப்பாற்றவில்லை. ஏனென்றால் அந்தச் சமூகம் மதித்தது பிறப்பின் வரிசையை. தோல் அந்த வரிசைக்குப் போட்ட அடையாளக் குறி. வரிசைக்குள் எங்கும் வைக்க முடியாத உடலோடு ஒருவர் வந்து நின்றதும், மேலே இருப்பவர் கீழே இருப்பவர் இருவரும் சேர்ந்தே அவரை வெளியே தள்ளினார்கள். அம்பேத்கர் 1936-இல் 'சாதி ஒழிப்பு' நூலில் சாதியை இனத்தால் விளக்குகிறவர்களை மறுத்தது நினைவிருக்கும். பஞ்சாபின் பிராமணரும் பஞ்சாபின் சமாரும் ஒரே இனம், சென்னையின் பிராமணரும் சென்னையின் பறையரும் ஒரே இனம், சாதி பிரித்து வைத்திருப்பது ஒரே இனத்து மக்களைத்தான் என்றார். ஜமைக்காவில் சாதி இல்லை. அங்கே நடந்ததைச் சாதி என்று சொல்ல நான் வரவில்லை. ஆனால் கண்ணுக்குத் தெரியும் அடையாளத்தையே காரணமாக எடுத்துக்கொண்டு ஏமாறுகிற பழக்கத்துக்கு யெல்லோமேனின் பிறப்பு நல்ல மருந்து.

(இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முப்பது ஆண்டு கழித்து இதே டான்ஸ்ஹால் உலகின் மிகப்பெரிய நட்சத்திரமான வைப்ஸ் கார்ட்டெல் தன் கறுப்புத் தோலை வெளுக்கச் செய்துகொண்டு அதை வெளிப்படையாகப் பாட்டிலும் பேசினார். வெளுப்பாகப் பிறந்தவரைத் துரத்திய ஊரிலேயே வெளுப்புக்குச் சந்தை. யெல்லோமேனைத் துரத்தியதும் கார்ட்டெலை வெளுக்க வைத்ததும் ஒரே வரிசைதான்.)

பெற்றவர்கள் கைவிட்ட அந்தக் குழந்தை கிங்ஸ்டனின் அனாதை இல்லங்களில் வளர்ந்தது. மேக்ஸ்ஃபீல்ட் பார்க் குழந்தைகள் இல்லம், பிறகு ஆல்ஃபா ஆண்கள் பள்ளி. இந்த ஆல்ஃபாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய பள்ளி, 1880-இலிருந்து இருக்கிறது. ஏழைப் பையன்களுக்கும் அடங்காத பையன்களுக்கும் தொழில் கற்றுக்கொடுக்கும் இடம். அந்தத் தொழில்களில் ஒன்று பேண்டு வாத்தியம். டான் டிரம்மண்ட், டாமி மெக்குக், லெஸ்டர் ஸ்டெர்லிங், ஜானி 'டிஸ்ஸி' மூர் என்று ஸ்கா இசையை உருவாக்கிய ஸ்கேட்டலைட்ஸ் குழுவின் பாதிப் பேர் இங்கே படித்தவர்கள். சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் என்ற கன்னியர் பல பத்தாண்டுகள் இந்தப் பையன்களின் இசையைப் பேணி வளர்த்தார். இசைத்தட்டுகளைத் தேடித்தேடிச் சேர்த்தவர் அவர். பள்ளியிலேயே அவற்றைப் போட்டுப் பையன்களைக் கேட்க வைத்தார்.

திறமைக் கதை சொல்கிறவர்கள் இந்தப் பள்ளியை ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். அந்தப் பள்ளி இல்லையென்றால் ஜமைக்காவின் இசை வரலாற்றில் பாதிப் பக்கம் காணாமல் போயிருக்கும். வீடு இல்லாத பிள்ளைகளுக்குச் சோறும் படுக்கையும் ஒரு ட்ரம்பெட்டும் கொடுத்த நிறுவனம் அது. அதற்காக அது சொர்க்கமாக இருந்தது என்று சொல்லவில்லை. சக பிள்ளைகளின் கேலியும் ஒதுக்கலும் அங்கேயும் அவரைத் துரத்தின. விடுதியில் தட்டைத் தனியே வைக்கச் சொன்ன அனுபவம் உள்ளவர்கள் இதைப் படிக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

இனி மேடைக்கு வருவோம். நம் ஊரில் டிஜே என்றால் பாட்டுப் போடுகிறவர். ஜமைக்காவில் பாட்டுப் போடுகிறவருக்கு 'செலக்டர்' என்று பெயர். ஓடுகிற இசைத்தட்டின் மேல் ஒலிவாங்கியைப் பிடித்துப் பேச்சும் பாட்டுமாக அடுக்குகிறவர்தான் அங்கே டீஜே. 1950-களிலிருந்தே கிங்ஸ்டனின் ஏழைக் குடியிருப்புகளில் சவுண்ட் சிஸ்டம் என்ற அமைப்பு உண்டு. ஆளுயர ஒலிபெருக்கிகள், ஆம்ப்ளிஃபையர், இசைத்தட்டுப் பெட்டி. இவற்றை வண்டியில் ஏற்றிவந்து திறந்தவெளியில் இறக்குவார்கள். வேலி கட்டி, நுழைவுக்குச் சிறிய காசு வாங்கி, விடியும்வரை ஆட்டம். ஓட்டல்களின் நடன அரங்குகளுக்குள் இந்த மக்களுக்கு இடமில்லை. வானொலியோ வெளிநாட்டுப் பாட்டுகளையும் நாகரிக ஆங்கிலத்தையும் நம்பியது. ஆகவே அவர்கள் தங்களுக்கென்று ஓர் அரங்கத்தைச் சுவரில்லாமல் கட்டிக்கொண்டார்கள். டான்ஸ்ஹால் என்ற பெயர் அங்கிருந்து வருகிறது.

அங்கே பேசிய மொழி பாத்வா. ஆப்பிரிக்க நாவுகள் ஆங்கிலத்தை உடைத்து உருவாக்கிய மக்கள் மொழி. பள்ளியில் அதைப் பேசினால் அடி. சவுண்ட் சிஸ்டத்தில் அதைப் பேசாவிட்டால் கூட்டம் கேட்காது. யூ-ராய் 1970-இல் இந்தப் பேச்சையே இசைத்தட்டில் பதிந்து ஜமைக்கப் பட்டியலின் முதல் மூன்று இடங்களையும் ஒரே நேரத்தில் பிடித்தார். தெருவில் பேசுவதற்குச் சந்தையில் விலை உண்டு என்பதை முதலாளிகள் அப்போதுதான் புரிந்துகொண்டார்கள்.

இதில் முக்கியமான ஒரு சங்கதி உண்டு. சவுண்ட் சிஸ்டத்தில் ஒலிவாங்கி கைமாறும். பெயர்பெற்ற டீஜே இளைப்பாறும்போது புதியவன் ஒருவனுக்கு நாலு நிமிடம் கொடுப்பார்கள். பிடித்தால் கூட்டம் கத்தும், செலக்டர் அதே தட்டை மறுபடி முதலிலிருந்து போடுவார். பிடிக்காவிட்டால் வசவு. தேர்வுக்குழு இல்லை, சிபாரிசுக் கடிதம் இல்லை. பதிவுக்கூட வாசலில் முகத்தைப் பார்த்தே திருப்பி அனுப்பப்பட்ட வின்ஸ்டன் ஃபாஸ்டர் நுழைய முடிந்த கதவு அது ஒன்றுதான். ஜெமினி, பிறகு ஏசஸ் இன்டர்நேஷனல் என்று சவுண்ட் சிஸ்டம்களில் அவர் பேசிப் பழகினார்.

1979-இல் டேஸ்டி திறமைப் போட்டி. டேஸ்டி என்பது ஜமைக்காவில் மசாலா அடைத்த பேட்டி விற்கும் கடை நிறுவனம், அதுதான் போட்டியை நடத்தியது. முதலிடம் நடீன் சதர்லேண்ட் என்ற 11 வயதுச் சிறுமிக்கு. நம் ஆள் இரண்டாம் இடம். ஆனால் ஊர் பேசியது அவரைப் பற்றித்தான்.

ஏன் பேசியது? இங்கேதான் அவர் செய்த வேலையின் நுட்பம் இருக்கிறது.

மேடையில் ஒரு டுண்டஸ் ஏறினால் கூட்டம் முதலில் சிரிக்கும். அந்தச் சிரிப்பை அவர் எதிர்பார்த்தே ஏறினார். மஞ்சள் உடை போட்டுக்கொண்டு ஏறினார். முதல் கேலியைக் கூட்டம் சொல்வதற்குள் அவரே சொல்லிவிடுவார். ஊரில் உள்ள பெண்கள் எல்லாம் என் மேல் பைத்தியமாக இருக்கிறார்கள் என்று ஆரம்பிப்பார். 'மேட் ஓவர் மீ' என்றே ஒரு பாட்டு. யாரும் தொடத் தயங்குகிற ஆள், தன்னைத் தொடுவதற்குப் போட்டி நடக்கிறது என்று அறிவிக்கிறார்! கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். ஆனால் இப்போது அந்தச் சிரிப்பு எப்போது தொடங்க வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்பது அவர் கையில். தாளம் பிசகாத நாக்கு, உடனுக்குடன் வார்த்தை பின்னும் மூளை, நர்சரிப் பாட்டிலிருந்து ஹாலிவுட் படப் பாட்டுவரை எதையும் இழுத்துக்கொண்டுவந்து பாத்வாவில் கவிழ்க்கும் குறும்பு. 'மை ஃபேர் லேடி'யின் கல்யாணப் பாட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. பத்து நிமிடத்தில் அவரைப் பார்த்துச் சிரிக்க வந்தவர்கள் அவரோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

பெயரையும் கவனியுங்கள். டுண்டஸ் என்ற வசையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அதைத் தெருவிலேயே விட்டுவிட்டு நிறத்தை மட்டும் எடுத்து, பக்கத்தில் 'மேன்' என்று சேர்த்தார். மஞ்சள், மனிதன். அடிமை முதலாளிகள் வளர்ந்த கறுப்பு ஆணையும் 'பையா' என்றே கூப்பிட்ட ஒரு மண்ணில் அந்த இரண்டாவது சொல்லின் கனம் சாதாரணமானதல்ல. 1972-இல் பம்பாயில் தோழர்கள் அமெரிக்கக் கறுப்புச் சிறுத்தைகளின் பெயரைப் பார்த்துத் தங்களுக்கு தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்தபோது, 'ஹரிஜன்' என்று வேறொருவர் இரங்கி வைத்த பெயரைத் தூக்கிப் போட்டுவிட்டுத்தான் வைத்தார்கள். தன் பெயரைத் தானே வைத்துக்கொள்ளும் இந்த வேலை கடல்களுக்கு அப்பாலும் நடந்துகொண்டிருந்தது. ஒரு வித்தியாசம் உண்டு: பேந்தர்களுக்கு இயக்கம் இருந்தது. யெல்லோமேன் தனியாள்.

பிறகு வெள்ளம்தான். 1980 அக்டோபர் தேர்தல் ஜமைக்காவின் வரலாற்றிலேயே ரத்தம் அதிகம் சிந்திய தேர்தல். நூற்றுக்கணக்கானோர் செத்தார்கள். மைக்கேல் மேன்லியின் சோசலிசம் பேசிய ஆட்சி வீழ்ந்து எட்வர்ட் சியாகா வந்தார். 1981 மே மாதம் பாப் மார்லி புற்றுநோயில் இறந்தார். விடுதலை நாளை வரும் என்ற நம்பிக்கை களைத்துப்போயிருந்த நேரம். ஆட்டத்துக்கு வருகிறவர்கள் இன்றிரவைப் பற்றிக் கேட்க விரும்பினார்கள், யெல்லோமேன் இன்றிரவைப் பற்றிப் பேசினார். ஃபேட்ஹெட் என்ற கூட்டாளி ஒவ்வொரு வரியின் முடிவிலும் தவளை போலக் கத்தி ஒத்துப் பாடுவார். 1982 என்ற ஒரே ஆண்டில் யெல்லோமேன் பெயரில் வந்த ஆல்பங்கள் அரை டஜனுக்கும் மேல். அதே ஆண்டு மாண்டேகோ பேயில் நடந்த ரெக்கே சன்ஸ்ப்ளாஷ் விழாவை அவர்தான் கொள்ளையடித்தார் என்பார்கள். ஹென்றி 'ஜுன்ஜோ' லாஸ் தயாரிப்பில், ரூட்ஸ் ராடிக்ஸ் குழு வாசிக்க, சேனல் ஒன் பதிவுக்கூடத்தில் பதிவானதுதான் நாம் தொடக்கத்தில் சொன்ன 'ஸங்குஸங்கு'. சேனல் ஒன் இருந்தது மேக்ஸ்ஃபீல்ட் அவென்யூவில். அவரை வளர்த்த அனாதை இல்லத்தின் பெயரும் மேக்ஸ்ஃபீல்ட் என்பது கவனிக்கத்தக்கது.

காசு? அந்தக் காலத்து கிங்ஸ்டன் வழக்கப்படி பாட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொடுப்பார்கள், கதை முடிந்தது. பின்னணி இசைத்தடம் தயாரிப்பாளருக்குச் சொந்தம். ஒரே தடத்தின் மேல் பத்து டீஜேக்கள் பாடுவார்கள். 'ஸங்குஸங்கு'வின் தடமே ஆல்டன் எல்லிஸ் 1960-களில் பாடிய 'மேட் மேட்' பாட்டிலிருந்து வந்தது. ஜமைக்காவில் தனக்கென்று ஒரு பதிப்புரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்ததே 1993-இல்தான். அதுவரை ஓடியது 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டம். ஒரே ஆண்டில் இத்தனை ஆல்பம் என்பதை அவருடைய உழைப்பின் பெருமையாக மட்டும் படிக்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் ஒருமுறைதான் கூலி என்றால் பத்து முறை உழைக்கத்தான் வேண்டும்.

நடுத்தர வர்க்கம் முகம் சுளித்தது. 'ஸ்லாக்னஸ்' என்றார்கள், அதாவது ஆபாசம், ஒழுக்கக்கேடு. மார்லி எங்கே, இந்த ஆள் எங்கே என்றார்கள். சிரிப்புதான் வருகிறது. 1963-இல் கோரல் கார்டன்ஸ் நிகழ்வுக்குப் பின் ராஸ்தாக்களைப் பிடித்து அடித்துச் சடையை வெட்டியபோது இந்தக் கனவான்கள் யார் பக்கம் நின்றார்கள்? உயிரோடு இருக்கும்வரை ராஸ்தா ரவுடி, செத்தபின் தேசிய அடையாளம், அடுத்து வருகிற கீழ்த்தட்டுக்காரனை அடிக்க ஒரு தடி. தவிர யெல்லோமேன் வெறும் படுக்கையறைப் பாட்டுக்காரரும் இல்லை. 'சோல்ஜர் டேக் ஓவர்', 'ஆபரேஷன் எராடிகேஷன்' என்று தெருவில் இறங்கிய ராணுவத்தையும் காவல்துறையையும் பற்றிப் பாடியவர்.

ஆனாலும் ஸ்லாக்னஸ் பற்றிய விமர்சனத்தை முழுக்க மேட்டுக்குடி முகச்சுளிப்பு என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஜமைக்க ஆய்வாளர் கேரலின் கூப்பர், ஸ்லாக்னஸ் என்பது ஆளும் வர்க்க ஒழுக்கத்துக்கு எதிரான கலகம் என்று வாதிட்டவர். பாதி உண்மை. தீண்டத்தகாத உடல் என்று தள்ளப்பட்ட ஒருவர் தன் உடலைக் கொண்டாடுவதில் கலகம் இருக்கிறது, மறுக்கவில்லை. மீதிப் பாதி: தான் மனிதன் என்று நிரூபிக்க அவர் கூண்டில் ஏற்றிய சாட்சிகள் பெண்கள். எத்தனை பேர் வந்தார்கள், எப்படி இருந்தார்கள் என்று எண்ணி அடுக்கும் பாட்டுகளில் அந்தப் பெண்களுக்கு வாயில்லை. இழிவுபட்ட ஆண் தன் ஆண்மையைக் காட்டித் தன்மானத்தை மீட்பது நம் கூட்டங்களிலும் கைதட்டல் வாங்கும் வித்தை. அந்த மேடையின் கீழே உட்கார்ந்திருக்கும் பெண் தோழர்களுக்கு அதன் விலை தெரியும்.

அதே ஆண்டுகளில் அதே கிங்ஸ்டனில் சிஸ்டர் நான்சி ஒலிவாங்கி பிடித்துக்கொண்டிருந்தார். ஆண்கள் மட்டுமே நின்ற மேடையில் ஏறிய மிகச் சில பெண்களில் ஒருவர். 1982-இல் அவர் பாடிய 'பாம் பாம்' இன்று உலகிலேயே அதிகம் எடுத்தாளப்பட்ட ரெக்கே பாட்டுகளில் ஒன்று. 2014-இல் ஒரு காலணி விளம்பரத்தில் அதைக் கேட்ட பிறகுதான் அவர் சட்ட வழியில் போய்த் தன் உரிமைப் பங்கைப் பெற்றார். முப்பது ஆண்டுக்கும் மேல் அந்தப் பாட்டு அவருக்குச் சோறு போடவில்லை. திறமை போதும் என்பவர்கள் நான்சியிடம் போய்ச் சொல்லட்டும். 1983-இல் யெல்லோமேன், நான்சி இருவரும் இன்னொரு டீஜேயும் பங்கேற்ற ஒரு ஆல்பம் வந்தது: 'தி யெல்லோ, தி பர்பிள் அண்ட் தி நான்சி'. பர்பிள் என்பது பர்பிள்மேன். அவரும் அல்பினோ. யெல்லோமேனைப் போலவே ஒரு நிறத்தைப் பெயராக வைத்துக்கொண்டு ஏறியவர். அவர் வந்து நின்றதைத்தான் யெல்லோமேனின் பெரிய சாதனை என்று நான் சொல்வேன். விருதுகள் எல்லாம் பிறகு.

1982-லேயே அவருக்குத் தோல் புற்றுநோய் என்று மருத்துவர்கள் கண்டார்கள். சில ஆண்டுகள்தான் என்றார்கள். விதி என்று விட்டுவிடலாம், ஆனால் கொஞ்சம் யோசியுங்கள். மெலனின் இல்லாத உடலை வெப்பமண்டல வெயிலில் வளர்க்க நிழல் வேண்டும், தொப்பி வேண்டும், முழுக்கைச் சட்டையும் களிம்பும் வேண்டும், கவனித்துப் பார்க்க ஒரு தாய் வேண்டும். கைவிடப்பட்ட பிள்ளைக்கு இதில் எது கிடைத்திருக்கும்? மரபணு கொடுத்தது வெளுப்பை. புற்றுநோயில் ஊருக்கும் பங்கு உண்டு. இன்றும் ஆப்பிரிக்காவின் பல நாடுகளில் அல்பினோ மக்கள் முப்பது நாற்பது வயதுக்குள் தோல் புற்றுநோயில் சாகிறார்கள். அதைத் தடுக்கும் களிம்பு விலை உயர்ந்த ரகசியம் ஒன்றுமில்லை.

1984-இல் அமெரிக்காவின் சி.பி.எஸ். நிறுவனம் 'கிங் யெல்லோமேன்' ஆல்பத்தை வெளியிட்டது. டான்ஸ்ஹால் டீஜே ஒருவருக்கு அமெரிக்கப் பெருநிறுவனம் கதவு திறந்தது அதுவே முதல்முறை. ரெக்கேவுக்கென்று கிராமி விருது தொடங்கிய முதல் ஆண்டிலேயே பரிந்துரைப் பட்டியலில் அந்த ஆல்பம் இருந்தது. பிளாக் உஹுரு வென்றார்கள். சி.பி.எஸ். அந்த ஒரு ஆல்பத்தோடு அவரை விட்டுவிட்டது. 1986-இல் தாடையிலிருந்த கட்டியை அறுத்து எடுத்ததில் முகத்தின் ஒரு பக்கம் நிரந்தரமாகக் குழிந்தது. மறுபடி மேடை ஏறினார். முதலில் தோலைப் பார்த்துச் சிரித்தார்கள், இப்போது பார்க்க இன்னொன்றும் சேர்ந்தது. அவர் அதையும் மறைக்கவில்லை. மரணத்தைத் தாண்டி வந்த பின் 1990-களில் அவருடைய பாட்டுகளில் பிரார்த்தனையும் சமூகமும் கூடின. 2018-இல் ஜமைக்க அரசு 'ஆர்டர் ஆஃப் டிஸ்டிங்ஷன்' கொடுத்து மரியாதை செய்தது. குழந்தைக்குத் தராத தொப்பியை அறுபது வயதுக்காரருக்குப் பதக்கமாகத் தருவது அரசுகளின் பழக்கம்.

அந்த வயலின் காணொளிகளை அனுப்பும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். யெல்லோமேனைக் கேட்க விரும்பினால் சி.பி.எஸ். ஆல்பத்திலிருந்து தொடங்காதீர்கள், அதில் அமெரிக்கச் சந்தைக்கான மெருகு அதிகம். 1982-இல் வந்த 'லைவ் அட் ஏசஸ்' பதிவைத் தேடுங்கள். ஒலித்தரம் சுமார்தான். ஒலிவாங்கி இரைகிறது, ஃபேட்ஹெட் தவளையாகக் கத்துகிறார், செலக்டர் தட்டை நிறுத்தி மறுபடி முதலிலிருந்து போடுகிறார். ஆனால் அதில் கூட்டத்தின் சத்தமும் பதிவாகியிருக்கிறது. பாட்டை விட்டுவிட்டு ஒருமுறை அந்தக் கூட்டத்தை மட்டும் கேளுங்கள்.